தனக்காகக் கட்டும் சேலை

எங்கள் பக்கத்தில் சேலை கட்டிய ஆணைப் பார்க்காமல் வளர்ந்தவர் யாரும் இல்லை. மாரியம்மன் நோம்பி சாட்டிவிட்டால் கூத்துச் செட்டுக்குச் சொல்லி அனுப்புவார்கள். எங்கள் ஊர் ஜேடர்பாளையத்தில் மட்டுமல்ல, திருச்செங்கோடு, ராசிபுரம், மேட்டூர் என்று சேலம் நாமக்கல் சமவெளி முழுக்க இதுதான் பழக்கம். ஊர் சாப்பிட்டு முடித்த பிறகு மிருதங்கமும் முகவீணையும் ஆர்மோனியமும் எழும். நல்லதங்காள் வருவாள். ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ள ஒவ்வொன்றாகக் கையைப் பிடித்து இழுப்பாள். சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விசும்புவார்கள். நல்லதங்காள் ஓர் ஆண் என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும். பகலில் அவர் காட்டு வேலைக்கோ கட்டட வேலைக்கோ போகிறவர் என்பதும் தெரியும். அழுகைக்கு அது தடையாக இருந்ததே இல்லை.

விடிந்ததும் அவர் தேங்காயெண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைத்துவிட்டு, லுங்கியோடு டீக்கடைக்கு வருவார். கண்ணோரத்தில் மை கொஞ்சம் ஒட்டியிருக்கும். பெஞ்சில் இருப்பவர்கள் நகர்ந்து இடம் விடுவார்கள். “ராத்திரி அந்த ஏழாவது புள்ளயத் தள்ளற எடத்துல நெஞ்சே அடைச்சுப் போச்சுங்க” என்று பெரியவர் ஒருவர் சொல்வார். கூத்தாடுகிறவர்களுடைய வாழ்க்கை சுகமானது என்று நான் சொல்லவில்லை. பெண் வேடம் கட்டுகிறவருக்குக் கேலியும் உண்டு, குடிகாரனின் கைநீட்டலும் உண்டு, கூலியும் குறைவு. மேட்டூர்ப் பக்கம் ஏர்வாடியிலிருந்து ‘மணல்வீடு’ இதழை நடத்தும் மு.ஹரிகிருஷ்ணன், இந்தப் பகுதிக் கூத்துக் கலைஞர்களைப் பற்றி ‘அருங்கூத்து’ என்ற நூலைத் தொகுத்தார். அந்தக் கலைஞர்களின் பாடு தெரிந்தவர்கள் அவர்கள் கட்டிய சேலையை எளிதாக எடுத்துப் பேசமாட்டார்கள். ஆனாலும், அந்தச் சேலைக்கு ஊரின் சம்மதம் இருந்தது.

நானும் சேலை கட்டுகிறேன். கூத்தில் அல்ல, என் வீட்டில்.

நான் வெல்ல மண்டியில் கணக்கு எழுதுகிறவன். கல்யாணமாகி, படிக்கிற பிள்ளைகள் இருக்கிற, ஐம்பதை நெருங்குகிற ஆள். நடிகன் இல்லை, நேர்த்திக்கடன் எதுவும் இல்லை, சேலை கட்டி ஒரு ரூபாய் சம்பாதித்ததும் இல்லை. வேலை முடிந்து வந்து, குளித்து, வாரத்தில் சில மாலைகள் சேலையோ நைட்டியோ உடுத்தி, சோறு தின்று, டிவி பார்த்து, பேப்பர் படித்துவிட்டுத் தூங்குகிறேன். இதில் யாருக்கும் கதை இல்லை. ஆனால் இந்தக் கதையில்லாத மாலையைத்தான் ஊரால் தாங்க முடியாது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஏன் என்பதைத்தான் இத்தனை வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆண் சேலை கட்டுவதை நம் மக்கள் எங்கெல்லாம் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்த்தால் அதில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. கூவாகத்தில் சித்திரை மாதம் கூத்தாண்டவருக்குத் திருநங்கைகள் தாலி கட்டிக்கொள்வதை எல்லோரும் அறிவார்கள். வேண்டுதலுக்காக, பெண்டாட்டி பிள்ளையோடு வாழ்கிற கிராமத்து ஆண்களும் அங்கே தாலி கட்டிக்கொள்வது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசராவில் காளி வேடமும் குறத்தி வேடமும் போட்டு வருகிறவர்களில் ஆண்கள் ஏராளம். சேலம் குகையில் ஆடித் திருவிழா வண்டி வேடிக்கையில் தெய்வ வேடம் போட்டவர்களைப் பார்க்கத் தெருவே நிறைந்து நிற்கும். கேரளத்தில் கொல்லம் அருகே கொற்றங்குளங்கரைக் கோயிலில் சமயவிளக்கு ஏந்துவதற்காக ஆயிரக்கணக்கான ஆண்கள் பட்டுச் சேலையும் பூவும் நகையுமாக வருகிறார்கள். மனைவிகளே மடிப்பு எடுத்துக் கட்டிவிடுகிறார்கள்.

நாடகத்திலும் அப்படித்தான். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் பாலர் நாடக சபை தொடங்கிய காலத்தில் சிறுவர்களே நாயகிகள். சிவாஜி கணேசன் சிறுவனாகச் சீதை வேடம் கட்டியவர். தி.க.சண்முகம் ஔவையாராக நடித்து அந்தப் பெயரையே தன் பெயருக்கு முன்னால் வாங்கிக்கொண்டார். அந்தப் பெயரைப் பெண் பெயராக்கித்தான் 1996இல் கமல்ஹாசன் நடித்த ‘அவ்வை சண்முகி’ படம் வந்தது. அந்தப் படத்தில் அப்பா சேலை கட்டுவது எதற்காக? பிரிந்திருக்கும் மகளோடு இருப்பதற்காக. தியேட்டரில் சிரித்த அதே கூட்டம் கடைசியில் அவரை மன்னித்ததும் அதனால்தான்.

சாமிக்காகக் கட்டினால் சரி. வயிற்றுக்காகக் கட்டினால் சரி. பிள்ளைக்காகக் கட்டினால் கண்ணீரே வரும். தனக்காக, தனக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக மட்டும் ஓர் ஆண் சேலை கட்டினால் அது குற்றம். எனக்குத் தெரிந்தவரை பிரச்சினை சேலையில் இல்லை. காரணம் சொல்ல முடியாத சந்தோஷத்தை நமக்குப் பார்க்கப் பிடிப்பதில்லை. பெரியவர்கள் ஆகிவிட்ட பிறகு நாம் செய்கிற ஒவ்வொன்றுக்கும் யாருக்காக என்று ஒரு பெயர் இருக்க வேண்டும். அந்தப் பெயர் நம்முடையதாக இருந்தால் கூச்சப்பட வேண்டும். இது சேலை கட்டும் ஆண்களோடு முடிகிற விஷயம் இல்லை. ஐம்பது வயதில் நடனம் கற்கப் போகும் பெண்ணும், கணவன் இறந்த பிறகு பூ வைக்க ஆசைப்படுகிறவளும் இதே கேள்வியின் முன்னால்தான் நிற்கிறார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நான் திருநங்கை இல்லை. பெண்ணாக மாற வேண்டும் என்ற தவிப்பு என்னிடம் இல்லை. ஆணாக இருப்பதில் எனக்குச் சண்டையும் இல்லை. என்னைப் போலத் தொடங்கி, பிறகு தன்னைத் திருநங்கை என்று அறிந்து வெளியேறியவர்கள் உண்டு. ஆணையே விரும்புகிறவர்களும் உண்டு. ஒருவரைப் பார்த்து எல்லோரையும் முடிவு கட்ட முடியாது. ‘திருநங்கை’ என்ற சொல்லுக்குள்ள மரியாதை, அவர்கள் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு, அடிபட்டு, தெருவில் நின்று வாங்கியது. இரவு எட்டு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு சேலை கட்டி, காலையில் வேட்டிக்குத் திரும்பி மண்டிக்குப் போகிற நான், அவர்கள் பட்ட பாட்டில் பங்கு கேட்க மாட்டேன். ஆனால் அவர்களுக்காகப் போடப்பட்ட வழக்கில் எனக்கும் நிழல் கிடைத்தது. 2014 ஏப்ரல் 15ஆம் தேதி, தேசிய சட்டப் பணிகள் ஆணையம் (நால்சா) தொடுத்த அந்த வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கே.எஸ்.ராதாகிருஷ்ணனும் ஏ.கே.சிக்ரியும் கொடுத்த தீர்ப்பு, ஒருவர் தன் பாலினத்தை உடையாலும் நடையாலும் வெளிப்படுத்துவது அரசமைப்புச் சட்டம் 19ஆவது பிரிவு தரும் கருத்துச் சுதந்திரத்துக்குள் வரும் என்றது. அதற்கு நூற்று நாற்பத்து மூன்று வருடத்துக்கு முன், 1871இல் வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பகுதி, ‘அலிகள்’ என்று பதிவு செய்யப்பட்டவர்கள் தெருவில் பெண்ணுடை உடுத்தி வந்தால் வாரண்ட் இல்லாமல் பிடித்து உள்ளே போட வழி செய்தது. வட இந்தியாவில் நடைமுறையில் இருந்த சட்டம் அது. நம்மூர்ப் பெரியவர்கள் இன்றைக்கு “இதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம்” என்று சொல்லும்போது எனக்கு அந்தச் சட்டம்தான் நினைவுக்கு வரும். வெளியிலிருந்து வந்தது உடை அல்ல, தண்டனை.

மருத்துவமும் நெடுங்காலம் இதை நோய் என்றது. ஜெர்மன் மருத்துவர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் 1910இலேயே இத்தகையவர்களைப் பற்றித் தனி நூல் எழுதி, இவர்கள் எல்லோரும் ஒரே வகை இல்லை என்று பிரித்துக் காட்டினார். அதற்குப் பிறகும் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இது இருந்தது. 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த பதினோராவது பட்டியலில்தான் எடுக்கப்பட்டது. இது நோய் இல்லை என்று இளைஞனாக இருந்தபோதே எனக்குத் தெரிந்திருந்தால் பல இரவுகள் தூங்கியிருப்பேன்.

சேலையைப் பற்றிச் சொல்கிறேன். எனக்குப் பேச ஆசையாக இருப்பது அதுதான், யாரிடமும் பேசக் கிடைக்காததும் அதுதான்.

எங்கள் வட்டாரம் துணியின் வட்டாரம். குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் லுங்கியும் துண்டும் விசைத்தறியில் ஓடும். சேலத்தின் வெண்பட்டு வேட்டிக்குப் புவிசார் குறியீடு உண்டு. இளம்பிள்ளைச் சேலை தமிழ்நாடு முழுக்கக் கடைகளுக்குப் போகிறது. அந்தச் சேலையை நெய்கிறவர்களில் ஆண்கள் நிறைய. கரை எங்கே தொடங்க வேண்டும், முந்தியில் எத்தனை கோடு, எந்த ஊதாவுக்கு எந்தப் பச்சை சேரும் என்று அந்த ஆண்களுக்குத் தெரிந்த அளவுக்குக் கட்டுகிற பெண்களுக்குக்கூடத் தெரியாது. கடையில் சேலையை விரித்துத் தன் தோளிலேயே முந்தியைப் போட்டுக் காட்டி விற்கிறவரும் ஆண்தான். இத்தனை அழகைத் தொட்டு, நெய்து, மடித்து, விற்று, கடைசியில் வெள்ளை வேட்டியில் வீடு திரும்புகிறோம். ஆணுக்கு எங்கள் பக்கத்தில் அனுமதிக்கப்பட்ட அழகு வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, மீசை, கைக்கடிகாரம். அதுவும் கம்பீரம் என்ற பெயரில்தான் உண்டு, அழகு என்ற பெயரில் இல்லை. எங்கள் பாட்டன் தலைமுறையில் ஆணுக்குக் குடுமியும் பூப்போல் சிவப்புக்கல் கடுக்கனும் இருந்தன. அவர்களை யாரும் பெண்மை என்று சொல்லவில்லை. கோடு அன்றைக்கு வேறு இடத்தில் இருந்தது.

சேலைக்கு அளவு கிடையாது என்பது அதில் எனக்குப் பிடித்த முதல் விஷயம். ஐந்தரை மீட்டர் துணி ஒல்லியானவளுக்கும் தடித்தவளுக்கும் எனக்கும் ஒன்றே. உடம்பைக் கேள்வி கேட்பது ஜாக்கெட்டும் வளையலும் செருப்பும்தான். ஆணின் தோள் அகலத்துக்கு ரெடிமேட் ஜாக்கெட் கையைத் தூக்கவிடாது, அக்குளில் பிடிக்கும். கண்ணாடி வளையலில் 2.10 கிடைத்தால் பாக்கியம். 2.12 வேண்டுமென்றால் பெரிய கடைக்குப் போக வேண்டும். காலுக்குப் பெண்கள் செருப்பு கிடைப்பதே இல்லை. வெளியூரில் ஒரு தையல்காரம்மாவிடம், அக்காவுக்கு என்று சொல்லி, என் அளவையே ஒரு பேப்பரில் எழுதிக் கொடுத்தேன். அளவைப் பார்த்தவுடனே அவருக்குப் புரிந்துவிட்டது. நிமிர்ந்து என் தோளை ஒரு முறை பார்த்தார். பிறகு, “கை முழங்கை வரைக்கும் வைக்கட்டுங்களா, அரைக்கை போதுங்களா? ஹூக்கு முன்னாலயே வச்சுடறேன், போடறதுக்குச் சுளுவா இருக்கும்” என்றார். அவ்வளவுதான். எல்லோருக்கும் வாங்கும் கூலியே வாங்கினார். மனிதர் ஒருவரை மனிதராக நடத்த எவ்வளவு குறைவான சொற்கள் போதும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

இந்தப் பழக்கம் உள்ளவர்கள் பலரும் ஆரம்பத்தில் மினுக்கும் துணியையும் கல்லும் ஜரிகையும் வைத்ததையும்தான் தேடுவோம். ஒளிந்து அனுபவிப்பதில் ஒரு பேராசை இருக்கிறது. கிடைக்கிற அரைமணி நேரத்தில் கல்யாணப் பெண்ணாகிவிட வேண்டும் என்று தோன்றும். ஒளிவு குறையக் குறைய ஆசையும் நிதானமாகிறது. இப்போது எனக்குப் பிடிப்பது என் வயதுப் பெண்கள் கட்டுகிற பருத்திச் சேலை. பாக்கு நிறம், மாங்காய்க் கரை, அதிகம் விறைக்காத துணி. கொசுவம் சரியாக விழுந்து, கணுக்காலில் கரை சமமாக நின்றால் மனத்துக்கு ஒரு நிறைவு. அதை அணிந்தவுடன் வேறு ஆளாகிவிடுவேன் என்று நினைக்க வேண்டாம். அதே ஆள்தான், குரல் சற்றுத் தாழும், தோள் இறங்கும். மண்டியில் பகல் முழுக்க விலைக்குச் சத்தம் போட்டுப் போட்டு இறுகிப் போன கழுத்து தளரும். இதற்கு மேல் விளக்கம் எனக்குத் தெரியாது. காரணம் கேட்டுக் கேட்டு என்னை நானே அலுத்தபின் அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன்.

ஒரு பக்கத்தில் மட்டும்தான் இந்தத் தடை இருக்கிறது என்பதையும் கவனித்திருக்கிறேன். எங்கள் கரும்புக்காட்டில் சோகை உரிக்கவும் களை எடுக்கவும் வருகிற பெண்கள் சேலைக்கு மேல் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டிருப்பார்கள். தலையில் துண்டுக் கட்டும் உண்டு. சோகை கையை அறுக்கும், சுணை அரிக்கும் என்பதற்காக. ஜேடர்பாளையம் அணையிலிருந்து ராஜ வாய்க்கால் போகிற வழியெல்லாம் இந்தக் காட்சிதான். அந்தச் சட்டையை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆற்றுக்கு அக்கரையில், எங்களுக்குச் சற்றுத் தெற்கே கொடுமுடி. கே.பி.சுந்தராம்பாள் 1908இல் பிறந்த ஊர். கணவர் கிட்டப்பா 1933இல் இறந்த பிறகு ஆண் நடிகர்களோடு ஜோடியாக நடிக்க மாட்டேன் என்றிருந்தவர், 1935இல் ‘நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்தார். ஆண் வேடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம், அந்தக் காலத்தில். 

பெண் ஆணின் உடையைப் போட்டால் ஒரு படி ஏறினாள். ஆண் பெண்ணின் உடையைப் போட்டால் ஒரு படி இறங்கினான். கோழையைப் பார்த்து “சீலை கட்டிக்கோடா” என்றும், வேலை செய்யாத அதிகாரிக்கு வளையல் அனுப்பியும் அவமானப்படுத்துகிற நாடு இது. அந்த வசையில் ஆண் வெறும் சாக்கு, அடி விழுவது பெண்களுக்கு. என் மீது விழக்கூடிய அவமானமும் அவர்களிடமிருந்து கடன் வாங்கியதுதான். சேலை கட்டுவது தாழ்வு என்றால், அதை நாளெல்லாம் கட்டியிருக்கும் என் அம்மாவும் மனைவியும் மகளும் யார்? இதை எனக்குத் தெளிவாக்கியது புத்தகம் அல்ல, என் மனைவி.

கல்யாணம் நிச்சயமான பிறகு, முகூர்த்தத்துக்கு முன்னால், அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் வீட்டு போனில், சுற்றிலும் ஆட்கள் இருக்க, பாதி புரிகிற மாதிரிதான் சொல்ல முடிந்தது. அவள் கேட்டது: “குடிப்பீங்களா?” இல்லை என்றேன். “வேற பொம்பள தொடுப்பு?” இல்லை என்றேன். “அப்பறம் பாத்துக்கலாம்” என்றாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் கல்யாணத்தில் எவற்றையெல்லாம் பயந்துகொண்டு வருகிறார்கள் என்பதை அந்த இரண்டு கேள்விகளில் பார்க்கலாம். ஆனால் காதால் கேட்பது ஒன்று, கண்ணால் பார்ப்பது ஒன்று. முதல் முறை பார்த்தபோது அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அழவில்லை, திட்டவில்லை. பல நாள் என்னிடம் சாதாரணமாகப் பேசியபடியே என் முகத்தைப் பார்க்காமல் இருந்தாள்.

அவளுக்கு இருந்த பயங்கள் எனக்கு அப்போது புரியவில்லை. இவன் ஒரு நாள் வீட்டைவிட்டுப் போய்விடுவானா? என்னைப் பெண்ணாக விரும்புகிறானா, இல்லை என்னிடமுள்ள சேலையை விரும்புகிறானா? பிள்ளைக்கு இது வருமா? தன் தங்கச்சிக்குத் தெரிந்தால் என்ன சொல்வாள்? எல்லாவற்றுக்கும் மேலாக, இதை அவள் யாரிடம் சொல்வாள்? என் ரகசியத்தை நானாவது என் இஷ்டத்துக்குச் சுமந்தேன். அவளைக் கேட்காமலே அதை அவள் தலையிலும் ஏற்றிவிட்டேன். இந்தப் பழக்கம் உள்ள ஆண்கள் தங்கள் வலியைப் பேசும்போது இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மறைத்து வைத்து, பெட்டியில் ஒளித்து, கோயிலுக்குப் போன நேரத்தில் கட்டிப் பார்த்து, ஒரு நாள் மாட்டிக்கொள்ளும்போது மனைவி உடைந்து போவது சேலையால் இல்லை. பத்து வருடம் தன்னோடு படுத்தவன் தனக்குத் தெரியாமல் ஒரு வாழ்க்கை வைத்திருந்தான் என்பதால். அதனால் கல்யாணத்துக்கு முன்பே சொல்லுங்கள் என்று இளையவர்களிடம் கெஞ்சிக் கேட்பேன். வரன் தட்டிப் போகும். போகட்டும்.

அவள் பேசத் தொடங்கியபோது முதலில் எல்லைகள்தான் பேசினாள். என் முகூர்த்தப் பட்டைத் தொடக் கூடாது. என் சேலை என்னது, உங்களுக்கு வேண்டியதை வாங்கிக்கொள்ளுங்கள். போட்டோ எடுக்கக் கூடாது, செல்போன் அந்த அறைக்குள்ளேயே வரக் கூடாது. மாமியார் இருக்கும்போது வேண்டாம். இவை எல்லாம் எனக்கு நியாயமாகப் பட்டன. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னதுதான் என்னை மாற்றியது. நான் சேலை கட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் பாத்திரம் கழுவி, துணி அலசி, மாவு ஆட்டப் போட்டுவிட்டு வந்து நின்றாள்.

“ஏனுங்க, சீலைய மட்டும் எடுத்துக்கிட்டீங்க. சீலை கட்டுனவ செய்யற வேலைய எடுத்துக்கலீங்களே.”

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே கேட்டாள். எனக்குப் பதில் இல்லை. சேலை எனக்கு ஓய்வின் உடை, அவளுக்கு அது வேலையின் உடை. முந்தானையை இடுப்பில் செருகி, கொசுவத்தைத் தூக்கிச் சொருகி, வியர்த்து, கரி பட்டு, அடுப்பனல் பட்டு அவள் கட்டியிருந்த அதே துணியில் நான் மென்மையைத் தேடிக்கொண்டிருந்தேன். பெண்மை என்று நான் கனவு கண்டது பெண்களுக்கே கிடைக்காத ஒன்று. அன்றிலிருந்து, கட்டுகிற மாலைகளில் சமையல் என்னுடையது. பிறகு கட்டாத மாலைகளிலும் என்னுடையதாகிவிட்டது. சேலையில் குனிந்து நிமிர்ந்து வேலை செய்தால் எவ்வளவு இடைஞ்சல் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் நைட்டிக்கும், பிறகு சுடிதாருக்கும் மாறியதற்கு நான் ஏன் முகம் சுளித்தேன் என்று நானே வெட்கப்படும்படி ஆனது. இப்போது அவள் வெளியே சுடிதாரில் போகிறாள், வீட்டில் நான் சேலையில் இருக்கிறேன். எங்கள் இருவருக்கும் இது பொருத்தமாக இருக்கிறது.

இங்கிலாந்தில் கிரேசன் பெரி என்றொரு மண்பாண்டக் கலைஞர் இருக்கிறார். 2003இல் அந்த நாட்டின் பெரிய கலைப் பரிசான டர்னர் பரிசைச் சின்னப் பெண்பிள்ளை போல் கவுன் அணிந்து வந்து வாங்கினார். மனைவியும் மகளும் உள்ள குடும்பஸ்தர். அவரைப் பற்றித் தெரிந்தபோது ஆறுதலாக இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. ஆனால் அது என் வழி இல்லை. நான் பரமத்தி வேலூர் பஸ்ஸில் சேலையோடு ஏற ஆசைப்படவில்லை என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. ஆசை உண்டு. ஆனால் என் பிள்ளைகள் படிக்கப் போகிற பஸ்ஸும் அதுதான். அவர்கள் தேர்ந்தெடுக்காத ஒன்றுக்கு அவர்கள் பதில் சொல்லும்படி ஆகக் கூடாது. ஊருக்குப் பயந்து ஒளிவது ஒன்று, வீட்டாரைக் காத்து அடங்குவது ஒன்று. இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். எது எந்த நாளில் என்னை நடத்துகிறது என்று நான் என்னையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அம்மாவுக்குத் தெரியும். நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆனால் துவைத்த துணியை மடிக்கும்போது என் சேலைகளைத் தனியாக மடித்து என் பீரோவில் வைக்கிறாள். திருச்செங்கோட்டு மலைக்கு வருடம் தவறாமல் போய் வருகிறவள் அவள். அங்கே அர்த்தநாரீசுவரருக்கு வலப்பக்கம் வேட்டியும் இடப்பக்கம் சேலையும் சாத்துவார்கள். என்னைப் போன்றவர்களுக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் எல்லோரும் அந்தச் சாமியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அங்கே சேலை அம்மனுடையது, வேட்டி சாமியுடையது. இருவர் சேர்ந்து நிற்கும் கோலம் அது. கணவனும் மனைவியும் எப்படி வாழலாம் என்று அது சொல்லலாம். என் சேலையில் இன்னொருத்தி இல்லை, நான் மட்டும்தான் இருக்கிறேன். எனக்கு நெருக்கமாகப் படுவது நூற்றாண்டுகளுக்கு முன்னால் கன்னட நாட்டில் வாழ்ந்த ஜேடர தாசிமய்யா. நெசவாளி, சிவனடியார். எங்கள் ஊர்ப் பெயரின் முதல் பாதி அவர் பெயரிலும் இருக்கிறது. உடம்பின் அடையாளத்தைப் பார்த்துப் பெண் என்றும் ஆண் என்றும் சொல்கிறோம், உள்ளே உலவும் ஆன்மாவோ இரண்டும் அல்ல என்ற கருத்தில் அவருடைய வசனம் ஒன்று இருக்கிறது. தறியில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு உடை நெய்தவருக்கு, உடைக்குள் இருப்பவரைப் பற்றி அப்படி ஒரு எண்ணம் வந்திருக்கிறது.

மகளுக்கு வரன் பார்க்கும் பேச்சு தொடங்கியிருக்கிறது. பிள்ளைகளுக்குத் தெரியும். மகள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், “அம்மாவுக்குச் சம்மதமாப்பா?” என்று. பையன் கேள்வியே கேட்கவில்லை, கொஞ்ச காலம் என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டு, பிறகு தானே திரும்பி வந்தான். ஆனால் சம்பந்தி வீட்டுக்குச் சொல்வதா? என் மனைவிக்கு நான் கொடுத்த உரிமையை, கல்யாணத்துக்கு முன்பே தெரிந்துகொள்ளும் உரிமையை, மருமகனாக வரப்போகிறவனுக்கு மறுக்கலாமா? மகள் என்ன சொல்கிறாள் என்றால், “உங்க ரகசியம் உங்களது. என் கல்யாணம் என்னது. நான் பாத்துப் பழகி, எப்பச் சொல்லணுமோ நான் சொல்லிக்கறேன்” என்கிறாள். மனைவிக்கு அதில் பயம். “சொல்றதா இருந்தா நானும் பக்கத்துல இருக்கோணும். என்ற வாழ்க்கையும் அதுல இருக்குதில்ல?” என்கிறாள். இன்னும் முடிவுக்கு வரவில்லை. சாப்பிட்ட பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து பேசுகிறோம். பையன் அறைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறான்.

இந்தக் கட்டுரையை முதலில் படித்தது என் மனைவிதான். என் பெயர் இதில் இல்லாதது அவள் விருப்பம். அவளைப் பற்றி இரண்டு பத்தி பெருமையாக எழுதியிருந்தேன், பொறுமைசாலி, பெரிய மனசுக்காரி என்றெல்லாம். அதை நீளமாகக் கோடு போட்டு அடித்துவிட்டாள். “பொறுத்துப் போனேன்னு எழுதாதீங்க. நானு பொறுத்துப் போகலை, பேசிப் பேசித்தான் வந்தேன். சண்டையும் போட்டேன், அதையும் எழுதுங்க” என்றாள்.